சட்டைப் பையில் ஆலன் கீ

ஒலியைவிட வேகமாகக் காற்றைப் பாய்ச்சும் சோதனைச் சுரங்கம் ஒன்று, அடையாறில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அதற்குள் வைக்கும் விமான மாதிரியின் கோணம் சரியாகும்வரை அதைப் பிடித்திருக்கும் திருகை விரலால் முடுக்குவோம். பிறகு ஆலன் கீ போட்டு இறுக்குவோம்.

ஒருநாள், விரலால் முடுக்கியதுமே டீ வந்தது.

திரும்பி வந்து எண்ணத் தொடங்கினேன். காற்று வால்வைத் திறக்க, சுரங்கத்தின் கண்ணாடி ஜன்னலருகே எங்கள் டெக்னீஷியன் ஸ்டெல்லாக்கா நின்றிருந்தார். "மூணு, ரெண்டு..." என்றபோது கை சட்டைப் பையைத் தொட்டது. ஆலன் கீ அங்கேயே இருந்தது. திருகை இறுக்கவே இல்லை. நிறுத்தினால் என் மறதி எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"ஒண்ணு" என்றேன்.

வெடித்ததுபோல் சத்தம். பிய்த்துக்கொண்டுபோன விமான மாதிரி மோதி, கண்ணாடி குறுக்காக விரிசல் விட்டது. ஒரு சாண் தள்ளி அவர் முகம்.

வால்வை மூடிவிட்டு அவர்தான் ஓடி வந்தார். "எனக்கு ஒண்ணும் ஆவல சார். நீங்க இன்னாத்துக்கு இப்டி நடுங்குறீங்க? தண்ணி குடிங்க."

குடித்தேன். அப்போதும் சொல்லவில்லை.

எதிரே தடை இருக்கும் சேதி, ஒலியை மிஞ்சிய காற்றுக்கு முன்கூட்டியே போய்ச் சேராது, அதனால்தான் அப்படி மோதுகிறது என்று பயிற்சிக்கு வருபவர்களுக்கு இன்றும் விளக்குகிறேன். அன்று ஸ்டெல்லாக்காவுக்குச் சேதி முன்கூட்டியே போய்ச் சேர வழி இருந்தது. நான்தான் வாய் திறக்கவில்லை.