இரண்டு இழை கூடுதல்

சங்கரன்கோவிலில் எங்கள் தெரு அம்மனுக்கு விஜயதசமி சாயங்காலம் அம்பு போடுவார்கள். சப்பரம் வன்னி மரத்தடியில் வந்து நிற்கும். அம்பு பறந்தால்தான் அம்மன் திரும்பிப் போவாள். வில்லும் எய்கிற உரிமையும் பெரியப்பா வீட்டுக்கு. வருஷா வருஷம் புது அம்பும் புது நாணும் எங்கள் வீட்டுப் பொறுப்பு. அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து, ஒரே பிள்ளையான நான்தான் இரண்டையும் செய்தேன். பெரியப்பா மகன் இத்தனை வருஷமாக எய்தது என் அம்பைத்தான். அது அவனுக்கும் தெரியும்.

அப்பா காலமாகி வருஷம் கழிந்தது. போன வருஷத் தெருக்கூட்டத்தில் அவன் எழுந்து, பொம்பளை செதுக்கிய அம்பை அம்மன் முன்னால் எடுக்கக் கூடாது என்றான். ஆன்லைனில் அருமையான அம்பு வருகிறதாம். என்னைப் பார்த்து, "ஏட்டி, நீ நாணை மட்டும் முறுக்கிக் குடு, போதும்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரிண்ணே என்றேன்.

அம்பில் எல்லோரும் முனையைத்தான் பார்ப்பார்கள். வேலை இருப்பது பின்பக்கத்தில், நாண் உட்காரும் வெட்டில். அதுதான் காடி. மூங்கிலில் கணுவை ஒட்டி வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் இழுக்கும்போதே பிளந்துவிடும். மூங்கில் துளைக்குள் வைரம் பாய்ந்த புளியங்கட்டையில் ஒரு துண்டு இறக்கி, வேப்பம் பிசின் தடவி, பருத்தி நூலால் நெருக்கிச் சுற்றுவேன். காய்ந்த பிறகுதான் காடி அறுப்பது. நாணில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் அம்பு விழக் கூடாது. விரலால் ஒரு சுண்டு சுண்டினால் விழ வேண்டும். அந்தப் பதம் வரும்வரை தேய்த்துக்கொண்டே இருப்பேன். நாணின் கனத்துக்குத் தக்கபடிதான் காடி. இதெல்லாம் அவனுக்கு எங்கே தெரியும், இழுத்து விடத்தான் தெரியும்.

குருவிகுளத்திலிருந்து கற்றாழை நார் வாங்கி வந்து நாண் முறுக்கினேன், வழக்கத்தைவிட இரண்டு இழை கூடுதலாக. முறுக்க முறுக்க மனசு குளிர்ந்தது. அந்த நாணுக்கு ஏற்ற காடியோடு ஒரு அம்பும் செய்து, பழைய துண்டில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

நாணை மரத்தடியில் வைத்துத்தான் வில்லில் ஏற்றுவது வழக்கம். விஜயதசமியன்றும் அப்படியே ஏற்றினார்கள். அவன் பளபளப்பான அம்பை எடுத்து வைத்தான். பிளாஸ்டிக் காடி நாணில் பாதிகூட ஏறவில்லை. அழுத்தினான். ஒரு பக்கம் ஒடிந்து விழுந்தது. அடுத்த அம்பும் அப்படியே ஆனது. மேளம் நின்றுபோனது. பூசாரி தட்டோடு நிற்கிறார். நான் முன்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாவமாகவே இல்லை.

வேர்த்து விறுவிறுத்து என்னிடம் வந்தான். "தங்கச்சி, ஒங்கிட்ட அம்பு இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

ஏட்டி எப்படியோ தங்கச்சி ஆகிவிட்டாள். துண்டைப் பிரித்துக் காட்டினேன், கொடுக்கவில்லை.

"இருக்குண்ணே. ஆனா பொம்பள செதுக்குனதுல்லா. இத்தன வருசமா யாரு செஞ்ச அம்ப எய்தீங்கன்னு எல்லாருக்கும் கேக்க சொல்லிட்டு வாங்கிக்கிடுங்க."

சப்பரத்தைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். முதல் தடவை முணுமுணுத்தான். பூசாரிக்குக் கேட்கவில்லை என்றேன். அடுத்த தடவை கத்தியே சொன்னான். என் அம்பு நாணில் கச்சிதமாக உட்கார்ந்தது. பறந்தது, குலவை போட்டார்கள், அம்மன் கிளம்பினாள்.

சொந்தம்தானே, விட்டுவிடு என்று இப்போது எல்லோரும் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். காடிக்குத்தான் விடத் தெரிய வேண்டும், எனக்கு அவசியமில்லை. இந்த வருஷம் அம்பு வேண்டுமானால் என் வீட்டு வாசலுக்கு வந்து கேட்கட்டும் என்று சொல்லியனுப்பினேன். அவன் வரவில்லை. கரிவலம்வந்தநல்லூரில் ஒரு ஆசாரியிடம் அம்புக்குச் சொல்லியிருக்கிறானாம், போன வருஷ நாணை அளவாகக் கொடுத்து.

செய்து வாங்கட்டும். இந்த வருஷ நாணை நான் இன்னும் முறுக்கவில்லை.