துடக்குத் தண்ணீர்

என் மீன்தொட்டியின் இடது மூலையில், இரண்டு கண்ணாடிகள் ஒட்டும் இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பாசி என்று நினைக்கிறார்கள். அது பாசியல்ல, மஞ்சள் தூள். அப்பாவின் அக்கா, என் மாமி, தன் கையால் கரைத்து ஊற்றியது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகத் தேய்க்கிறேன், போகவில்லை. எனக்குக் கோபமும் போகவில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஓர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் வீட்டின் முன்னறையில் அந்தத் தொட்டியும் நான்கு தங்கமீன்களும் இருந்தன. வளர்த்தவள் நான்தான். முதலில் வாங்கிய மூன்றை அளவுக்கு மிஞ்சித் தீனி போட்டுக் கொன்ற பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்து, குளோரின் மணம் போன பின்பே ஊற்றுவேன். சனிக்கிழமைதோறும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றுவேன். வடிகட்டும் பஞ்சைக் குழாயடியில் கழுவமாட்டேன்; தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுவேன். மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றும் கிருமிகள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. வாளியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கியவள் அம்மா. இதெல்லாம் அம்மாவுக்கும் தெரியும். அதை மறந்துவிடாதீர்கள்.

அப்படியொரு சனிக்கிழமை, தொட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டு நின்றபோதுதான் நான் பெரியபிள்ளை ஆனேன். அம்மா என்னை அறைக்குள் இருத்தினாள். துறைமுகம் தெரியும் யன்னலையும் சாத்தினாள். பின்னேரம் மாமி தன் ஊரான கப்பல்துறையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் எங்கெங்கே தொட்டேன் என்று விசாரித்து, கதிரை, அலுமாரிக் கைப்பிடி என்று ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டு தொட்டியடிக்கு வந்தார்.

“இது துடக்குத் தண்ணி. வீட்டுக்குள்ள வச்சிருக்க ஏலாது.”

துடக்கு! மீன்கள் சுகமாக வாழ்ந்த தண்ணீர், நான் கைவைத்ததால் தீட்டாகிவிட்டதாம். அறை வாசலின் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கத்தினேன்.

“மாமி, முழுக்க ஊத்தாதீங்கோ! மூண்டில ஒரு பங்கு காணும். குழாய்த் தண்ணி ஒரு நாள் நிக்கோணும்!”

“பெரியபிள்ளை ஆன முதல் நாளே என்ன கதை உனக்கு? சத்தம் வெளிய கேக்கப்படாது.”

அறையின் வாசற்படியைத் தாண்டக்கூடாது என்றார்கள். நானும் தாண்டவில்லை. அதற்காக என்மேலும் எனக்குக் கோபம் உண்டு. கண்ணாடியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பது கேட்டது. பஞ்சைக் குழாயடியில் பிழிவது கேட்டது. புதுத் தண்ணீர் விழுவது கேட்டது. கடைசியில், தீட்டுக் கழியட்டும் என்று ஒரு கைப்பிடி மஞ்சள். அம்மா குசினியில் எனக்குக் களி கிண்ட உளுந்து வறுத்துக்கொண்டிருந்தாள். உளுந்து வாசம் என் அறை வரைக்கும் வந்தது. அம்மாவிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

பிறகு மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்கும் சத்தம். பளக், பளக். அடுத்த நாள் காலையில் அதுவும் நின்றுவிட்டது.

“பிள்ளையின்ர கண்ணூறு மீனோட போயிட்டுது. நல்லதுக்குத்தான்,” என்றார் மாமி. கொன்றதும் இல்லாமல் அதற்கு நான் சந்தோசப்படவும் வேண்டுமாம்.

கலியாணமாகி வரும்போது நான் கேட்டு வாங்கி வந்தது அந்தத் தொட்டி ஒன்றைத்தான். போன மாதம் என் மகள் பெரியபிள்ளை ஆனாள். செய்தி கேட்டு, முழங்கால் வலியோடு மாமி மறுநாளே வந்தார். செருப்பைக் கழற்றும்போதே கண் தொட்டிக்குப் போய்விட்டது.

“பிள்ளை தொட்ட தண்ணியெல்லோ? ஊத்தியாச்சே?”

அன்றும் சனிக்கிழமை.

“இல்லை மாமி. மூண்டில ஒரு பங்குதான் மாத்துறது. அவள்தான் மாத்துவாள்,” என்றேன்.

மகளைக் கூப்பிட்டேன். திறந்திருந்த அறைக்குள்ளிருந்து அவள் வந்து, முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டாள். மீன்கள் வந்து அவள் விரல்களைக் கொத்தின. மஞ்சள் கோட்டின் பக்கமாக றப்பர்க் குழாயைப் பிடித்து, பழைய தண்ணீரை வாளிக்கு இறக்கினாள். மாமி வழியில் நின்றார்.

“கொஞ்சம் விலகுங்கோ மாமி,” என்று சொல்லி, வாளியின் மறுபக்கத்தை நான் பிடித்தேன்.