பெரக்கெத்தின் வேடம்

அஸ்மாராவில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ஹப்தோமை நடிகனாக்கியது எரித்திரிய விடுதலைப் போர். சுடுவதில் சுத்த மோசம், ஆனால் யாரைப் பார்த்தாலும் அப்படியே நடித்துக் காட்டுவான். அதனால் போரை நடத்திய விடுதலை முன்னணி அவனைக் கலைக்குழுவில் போட்டது. எதிரி விமானங்களுக்குப் பயந்து, பொழுது சாய்ந்தபின் ஊர் ஊராக நாடகம். கதை ஒன்றேதான்: மகன் போருக்குப் போகிறான், வென்று திரும்புகிறான், தாய் பொரி இறைத்துக் குலவையிடுகிறாள். பார்த்த பையன்கள் மறுநாளே படையில் சேர மூட்டை கட்டுவார்கள். நாடகம் போட்டதே அதற்குத்தானே!

மகன் வேடம் அவன் நண்பன் பெரக்கெத்துடையது. பெரக்கெத் குண்டுவீச்சில் செத்தபின் அது ஹப்தோமுக்கு வந்தது. நண்பனின் நடையும் குரலும் சேர்ந்தே வந்தன. மேடையில் நிற்பது தானா அவனா என்று சில சமயம் ஹப்தோமுக்கே உடம்பு சில்லிட்டுப்போகும்.

செத்தவர் பெயரைப் போர் முடியும்வரை வீட்டாரிடம் சொல்லக்கூடாது என்பது முன்னணியின் கட்டளை. சொன்னால் பிறகு யார் பிள்ளையைத் தருவார்கள்? பாவிகள், அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். ஹப்தோமும் வாயைத் திறந்ததில்லை. கடைசியில் குழு பெரக்கெத்தின் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்தது.

பெரக்கெத்தின் தாய் லெம்லெம் காப்பியோடு வந்தாள்.

"எம்மவன் எங்கப்பா? மகன் வேசம் நாந்தான்னு சொல்லி விட்டிருந்தானே?"

"அவன் இப்ப வேற குழுவுல இருக்கான்மா."

"வேளைக்குத் திங்கிறானா? எவ்வளவு போட்டாலும் பத்தலம்பான், கழுத!"

"நல்லாத் திங்கிறான்மா."

ஹப்தோம் காப்பியை அப்படியே வைத்துவிட்டு மேடை கட்டப் போனான்.

கடைசிக் காட்சியின் தாயாக அந்தந்த ஊர்ப் பெண் ஒருத்தியை மேடையேற்றுவது குழுவின் வழக்கம். அன்று பெண்கள் லெம்லெமைத்தான் பிடித்துத் தள்ளினார்கள். இன்றைக்காவது வேறு மாதிரி நடக்கவேண்டும் என்று ஹப்தோம் நினைத்தான். கால் கேட்கவில்லை. இடது தோளைச் சாய்த்து, காலை இழுத்துப் போட்டு, பெரக்கெத்தாகவே வந்து நின்றான்.

"அம்மா, வந்துட்டேன்!"

பொரித்தட்டோடு நின்ற லெம்லெமின் முகம் வெளுத்தது. அவனைக் கட்டிக்கொண்டு காதோரம் கேட்டாள்.

"இது அவன் நடை. உசுரோட இருந்தா இந்த வேசத்த உனக்கு விட்டுக்குடுப்பானா?"

அவள் பிடியில் ஹப்தோமின் உடம்பு நடுங்கியது. அவளுக்கு அது போதும்.

எதிரே ஊர்த் தாய்மார்கள் அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பிள்ளை போர்முனையில். லெம்லெம் கண்ணைத் துடைத்தாள். பொரியை வாரி இறைத்தாள். தலையை நிமிர்த்திக் குலவையிட்டாள். கூட்டம் முழுக்கச் சேர்ந்து குலவையிட்டது.

மறுநாள் காலை குழுவோடு கிளம்பிய பையன்களில் அவளுடைய இளைய மகனும் இருந்தான். அண்ணனைப் பார்க்கப் போகிறானாம். வழியெல்லாம் ஹப்தோமிடம் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தான்.