பன்னிரண்டு டீயும் ஒரு தார் ரோடும்

எங்கள் தெருவில் மழை பெய்துவிட்டால் செருப்பு ஓரிடத்திலும் ஆள் ஓரிடத்திலும் நிற்க வேண்டியதுதான். கோவில்பட்டிக் கரிசல் மண் அப்படிப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் என் பலசரக்குக் கடையில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். ரோடு கேட்டு மனுக் கொடுத்துச் சலித்துப்போய், தெரு வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்து ஒருநாள் உண்ணாவிரதம் என்று முடிவெடுத்தோம். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை.

எனக்கு வாய் நீளம். மைக்கைப் பிடித்து, "தண்ணியத் தவிர ஒண்ணும் பல்லுல படாது" என்று சொல்லித் தொலைத்தேன். உடனே ஒரு மாலையைப் போட்டு மேடைக்கு நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் போன் பேசுவதுபோல் எழுந்து, பந்தல் திரைக்குப் பின்னால் போய் டீயும் வடையும் தின்றுவிட்டு வந்தார்கள். வாயைக்கூடத் துடைக்கவில்லை, பாவிகள். மாலை போட்டவன் எப்படி எழுந்து போவது?

பதினொரு மணிக்கு இரண்டு நெற்றிப்பொட்டிலும் விண்விண் என்று ஆரம்பித்தது. பன்னிரண்டுக்கெல்லாம் கண்ணைத் திறக்க முடியவில்லை, குமட்டல் வேறு. "எங்க அண்ணாச்சி உசிரையே பணயம் வச்சிருக்காவ!" என்று ஒருவர் மைக்கில் கத்தியது அப்படியே மண்டைக்குள் இறங்கியது.

எங்கள் தெருவில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா வந்து ரத்த அழுத்தம் பார்த்தார். குனிந்து மெல்லக் கேட்டார்.

"அண்ணாச்சி, ஒரு நாளைக்கு எத்தன டீ குடிக்கீங்க?"

"பன்னெண்டு இருக்கும்."

"கடைசியா எப்ப?"

"நேத்து கடை அடைக்கையில."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "மூளையில அடினோசின்னு ஒரு ரசாயனம் இருக்கு. அது உக்கார வேண்டிய சீட்டுல டீயில உள்ள கஃபீன் துண்டு போட்டு இடம் பிடிச்சிருக்கும். இன்னைக்கு துண்டு போட ஆளில்ல. அது வந்து ஹாயா உக்காந்து ரத்தக்குழாய விரிச்சு விட்டிருச்சு. அதான் வலி. பின்னால வந்து ஒரு டீ குடிங்க, அரை மணி நேரத்துல கேட்டுரும்."

எழுந்திருந்தால் மானம் போகும். மூன்று மணிக்கு நகராட்சி அதிகாரி வருகிறார், அதுவரை தாங்கிவிட்டால் ரோடு வரும். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். ஆட்டியதற்கே உயிர் போய் வந்தது.

மூன்று மணிக்கு அதிகாரி தெருமுனையில் ஜீப்பை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவிடம், "இவருக்கு என்னம்மா?" என்றார்.

"மூளையில ரத்தக்குழாய் விரிஞ்சிருக்கு சார். ரத்த ஓட்டம் கூடியிருக்கு. நரம்புக்குத் தகவல் சொல்லுத ரசாயனம் ஒண்ணு தடுப்பே இல்லாம வேலை பாக்குது."

ஒரு வார்த்தை பொய்யில்லை. அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ரோட்டு மனுவக் கொண்டாங்க" என்று பேனாவை எடுத்தார்.

பக்கத்தில் மைக் திறந்தே இருந்தது யாருக்கும் நினைவில்லை. கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி என் வீட்டு வாசலுக்கு நேரே இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மனைவி ஓடி வந்தாள். காலில் செருப்பில்லை, முழங்கால் வரை சேறு.

"டாக்டரம்மா, எங்க வேணாலும் கொண்டு போறேன். இவியளுக்கு என்ன மருந்துன்னு மட்டும் சொல்லுங்க!"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அழுகிறவளிடம் எப்படி மறைப்பது? "ஒரு டீ போதும்மா. பன்னெண்டு டீ குடிக்குத ஆளு திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் வரும்."

அதுவும் மைக்கில் போனது. அழுகை நின்றது. "பன்னெண்டா?" என்றாள் அவள். வயிற்றுப்புண் வந்த நாளிலிருந்து ரெண்டே ரெண்டுதான் என்று அவளிடம் நான் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன். தலைவலியைவிட அந்த வெட்கம் பெரிதாக இருந்தது. எனக்காக ஓடி வந்தவளிடமா இத்தனை நாளும் பொய் சொன்னேன்?

அதிகாரியின் பேனா அப்படியே நின்றுவிட்டது. போச்சு ரோடு என்று நினைத்தேன். அவர் என்னை முறைத்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார், தன் ஷூவையும் பார்த்தார். ஷூ எது, மண் எது என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்டார். "மொதல்ல அவருக்கு ஒரு டீ குடுங்க. எனக்கும் ஒண்ணு."

தை மாதம் தார் ரோடு வந்தது. மழைக்காலத்தில் வீட்டை விட்டு இறங்காத என் மனைவி, இப்போது இரண்டே நிமிடத்தில் கடைக்கு வந்துவிடுகிறாள். பக்கத்து டீக்கடையில் நான் டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்கிறது.

"என்ன, இது எத்தனாவது?"

இந்த ரோட்டுக்காகத்தான் மண்டை தெறிக்க உட்கார்ந்திருந்தேன்.