றோசலின் அக்கா வேண்டாமென்ற வேலை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இடைவேளையில் றோசலின் அக்காவின் மகள் டிலானி தொலைபேசியில் அழைத்தாள். "அங்கிள், அம்மா போயிட்டா" என்றாள். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அக்கா நான்கு மாதமாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தார். எதிர்பார்த்த செய்திதான். இருந்தும் அன்று இடைவேளை முடிந்து மணி அடித்தது என் காதில் விழவில்லை.

மாலைக்குள் வாட்ஸ்அப்பில் அஞ்சலிச் செய்திகள் நிறைந்துவிட்டன. சாந்தமானவர், பொறுமையானவர், யார் மனமும் நோகப் பேசாதவர் என்று எழுதியிருந்தார்கள். அவரை அறிந்தவர்களே, நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அக்கா எங்கள் தொழிற்சாலையில் ஒரு பனிக்காலம் முழுவதும் சண்டை பிடித்தவர். சத்தம் போடாமல் பிடித்தார் என்பதற்காக அதைச் சாந்தம் என்று எழுதிவிட முடியாது.

ஸ்காபரோவில் ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தொழிற்சாலை. சிறிய உலோகக் குழாய்களை வெட்டி வளைத்துக் கொடுப்பது வேலை. நான் மட்டக்களப்பிலிருந்து வந்து அங்கே சேர்ந்தபோது, மன்னாரிலிருந்து வந்த றோசலின் அக்கா ஏற்கெனவே அங்கே மூன்று வருடம் வேலை செய்திருந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். பக்கத்துப் பக்கத்து மேசையில் பதினேழு வருடம் இருந்தோம். பென்சில் தடிப்புக் குழாயை வளைக்கும்போது உள்வளைவு நசுங்கி மடிந்துவிடும். மடிந்தால் அது குப்பைதான். அக்காவின் கையில் மட்டும் மடியாது. ஆஸ்பத்திரிகளில் மூச்சுக் கருவிகளுக்குள் போகும் குழாய்களை அவர்தான் வளைப்பார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறிய உருக்கு மணியைப் போட்டுப் பார்ப்பார். மறுபக்கத்தால் அது தடங்காமல் வந்து விழுந்தால்தான் பெட்டிக்குள் வைப்பார்.

ஏழு வருடங்களுக்கு முன், ஒரு புது மாதிரிக் குழாய் வந்தது. நீளமான, ஒல்லியான குழாய். ஒரு முனைக்குக் கிட்ட இரண்டு சின்ன வளைவு. வரைபடத்தில் ஓர் இலக்கம் மட்டும்தான் இருந்தது. மற்ற மூன்று பேரிடம் கொடுத்து மடிந்துபோன பிறகு அக்காவிடம் வந்தது. அவர் பத்துக் குழாய்களை வளைத்துக் கொடுத்தார். பத்திலும் மணி ஓடியது. அடுத்த வாரம் அந்த வாடிக்கையாளரின் ஆள் ஒருவர் நேரில் வந்து அக்காவுக்குக் கைகொடுத்தார். சந்தோஷ மிகுதியில், அந்தக் குழாய் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று தன் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார்.

அது ஒரு துப்பாக்கி. ஒரு வெடி வைத்ததும் குழலுக்குள் எழும் புகையில் கொஞ்சம் இந்தக் குழாய் வழியாகப் பின்னால் ஓடி, அடுத்த வெடிக்குத் துப்பாக்கியைத் தயாராக்கும் என்று அவர் விளக்கினார். அக்கா படத்தைப் பார்த்தார். மேசை விளக்கை அணைத்தார். கைகழுவப் போனார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "உந்தக் குழாயை இனி நான் வளைக்கமாட்டன். அந்தப் பத்தையும் திருப்பித் தரச் சொல்லு."

பத்தும் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. பெரிய ஓர்டரும் வந்துவிட்டது. எங்கள் முதலாளி ஃபிராங்க் மோசமான மனிதர் அல்லர். எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, மொழிபெயர்க்க என்னைப் பக்கத்தில் இருத்தினார். உங்கள் நாட்டுப் போரைப் பற்றித் தனக்குத் தெரியும் என்றார். பழைய நினைவுகள் வருத்தினால் அதற்கென்று பேசுகிற ஒருவரிடம் அனுப்பிவைக்கலாம், சில வாரம் லீவும் தரலாம் என்றார். நான் அப்படியே சொன்னேன்.

"எனக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லையெண்டு சொல்லு. விருப்பமில்லை. அவ்வளவுதான்" என்றார் அக்கா.

அவருடைய வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவர் நிறையத் துன்பப்பட்டவர், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று நான் ஃபிராங்கிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அக்கா என் பக்கம் திரும்பினார். "நான் சொன்னதைச் சொல்லு தம்பி. நீ நினைக்கிறதைச் சொல்லாதை." பிறகு ஃபிராங்கின் முகத்தைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தானே இரண்டு வசனத்தில் சொல்லிமுடித்தார்.

மன்னாரில் அவருக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்களும் அதைத்தான் காரணமென்று எடுத்துக்கொள்வீர்கள். ஒரு பெண் சுகதேகியாக, தெளிந்த மனதோடு வேண்டாமென்று சொல்ல முடியும் என்பதை ஃபிராங்க் மட்டுமல்ல, எங்கள் ஆட்களும் நம்பவில்லை.

அவரை மேசையிலிருந்து எழுப்பிப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அந்தக் குழாய்கள் அங்கே வந்ததும் அவற்றைக் கட்டவும் மாட்டேன் என்றார். கடைசியில் நிலம் கூட்டும் தும்புத்தடியைக் கையில் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார். வளைப்பதில் அந்த நகரத்திலேயே அவருக்கு நிகர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று நான் இன்றும் சொல்வேன். அவர் அந்தப் பனிக்காலம் முழுவதும் தினமும் காலை ஏழு மணிக்கு முன்னதாகவே வந்து நிலம் கூட்டினார். ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. எடுத்தால் நோய் என்று எழுதிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அவருடைய மேசை எனக்குக் கிடைத்தது. ஆம், அந்தக் குழாய்களை வளைத்தவன் நான்தான். வளைத்தேன் என்பதைவிட மடித்தேன் என்பதே சரி. முதல் வாரம் முழுவதும் மடிந்தது. நிலம் கூட்டியபடி வந்த அக்காவிடம், ஏன் மடிகிறது என்று கேட்டேன். தும்புத்தடியில் சாய்ந்தபடி என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிழை எங்கே என்று அவருக்கு உடனே தெரிந்திருக்கும்.

"இதைச் சொல்லித்தரமாட்டன். வேற எந்தக் குழாயெண்டாலும் கேள்" என்றார்.

நானாகவே கண்டுபிடித்தேன். உள்ளே மெல்லிய மணலை இறுக்கி நிரப்பி, இரு முனையையும் அடைத்து, வேண்டியதைவிட ஒரு மயிரிழை கூடுதலாக வளைக்க வேண்டும். கையை விட்டதும் உலோகம் கொஞ்சம் பின்வாங்கும். முதல் மணி தடங்காமல் ஓடிவந்து விழுந்த சத்தத்தில் எனக்குப் பெருமை வந்தது. அக்கா கேட்டாரா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் நான் மடித்துப் போட்ட குழாய்களை அள்ளிக்கொண்டிருந்தார்.

எங்களோடு வேலை செய்த தமிழர்கள் எட்டுப் பேரில் பெரும்பாலானோருக்கு அவர்மேல் கோபம். இவரால் எல்லாத் தமிழருக்கும் பெயர் கெடும் என்றார்கள். ஒரு நாள் சாப்பாட்டு அறையில், யூனியன்விலில் இருந்து வரும் ஓர் அண்ணை, பெரிய தியாகி என்று அக்காவின் காதுபடச் சொன்னார். அக்கா புட்டுப் பெட்டியை மூடிவைத்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார். "உங்களை ஒருத்தரையும் நான் வேண்டாமெண்டு சொல்லச் சொல்லேல்லை அண்ணை. எனக்காக நீங்கள் ஓம் எண்டு சொல்லாதேங்கோ." அதன் பிறகு அந்த அறையில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பனி கரையத் தொடங்கிய சமயத்தில் மூச்சுக் கருவிக் குழாய்கள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. வேறு கைகளில் அவை சரிவரவில்லை. நிலம் கூட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் ஃபிராங்க் தானே நடந்து வந்தார், என்னையும் கூப்பிட்டார். பழைய மேசைக்கு வாருங்கள், அந்த மற்றக் குழாயைத் தொட வேண்டாம் என்றார். அக்கா உடனே சம்மதிக்கவில்லை. ஆயுதத்துக்குப் போகும் வேலையை விரும்பாத எவரும் பெயரை எழுதிவைக்கலாம், அதற்காக யாரையும் இடம் மாற்றமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்து வைத்து, நேர அட்டை அடிக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்றார். அப்படி ஒட்டினால் எல்லோரும் எழுதலாமே என்று ஃபிராங்க் கேட்டார்.

"ஓம். அதுக்குத்தான்."

இந்த முறை சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன்.

கடிதம் ஒட்டப்பட்டது. முதலாவதாக அக்காவின் பெயர். அடுத்த மாதம் உலோக ஒட்டுவேலை செய்யும் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் இரண்டாவதாக எழுதினாள். வேறு யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. ரூஜ் பகுதியில் அப்போதுதான் வீடு வாங்கியிருந்தேன், பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை வருடமும் தினமும் காலையில் அந்த இரண்டு பெயர்களுக்கு முன்னால் நின்றுதான் என் அட்டையை அடித்தேன்.

மாசியில் அவரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார், கண்ணில் மட்டும் மாற்றமில்லை. என்மேல் கோபமா என்று கடைசியில் கேட்டுவிட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கியது. "உன்ர கை, உன்ர முடிவு. நான் என்ர கையைத்தான் கேட்டனான்" என்றார். பிறகு, "ஆனாலும் அந்தப் பத்தும் போயிட்டுது" என்றார். இவ்வளவு காலமும் அவர் அந்தப் பத்துக் குழாய்களை மறக்கவில்லை. என் பெட்டிகளில் எத்தனை போனதென்று அவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து அவரை அடக்கம் செய்தோம். திங்கட்கிழமை என் மேசையில் அந்தக் குழாய்களின் அடுத்த பெட்டி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஃபிராங்கின் அறை வாசலில் இறக்கிவைத்தேன். திரும்பி வந்து, கடிதத்தில் மூன்றாவதாக என் பெயரை எழுதினேன். ஃபிராங்க் பின்னால் வந்து நின்றார். றோசலினுக்காகவா என்று மெதுவாகக் கேட்டார். ஆமென்று சொல்லியிருந்தால் தோளைத் தட்டிவிட்டு, துக்கம் ஆறும்வரை ஒரு மாதம் பொறுத்திருப்பார். அக்காவை ஒரு துக்கமாக்கி அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இல்லை, எனக்கு விருப்பமில்லை என்றேன். அவர் காரணத்துக்காகக் காத்து நின்றார்.

அக்காவை அறிந்த நீங்கள் அவருடைய புன்னகையையோ புட்டையோ நினைவாக வைத்துக்கொள்ளுங்கள். காரணம் கேட்டு ஒருவர் எதிரில் காத்திருக்கும்போது, அவரைக் காத்திருக்க விடும் தைரியத்தை எனக்கென்று நான் எடுத்துக்கொண்டேன். ஃபிராங்க் இன்னும் காத்திருக்கிறார்.