உல்லாஸ்நகருக்குப் போன இரண்டு கோணிகள்

1. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை

தாராவிப் பள்ளிக்கூட ஹாலில் நாற்காலி போட்டு முடித்திருந்தோம். கூட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது மொழிபெயர்ப்பாளர் போன் செய்தார். டிரெயின் கல்யாண் ஸ்டேஷனிலேயே நிற்கிறதாம்.

எங்கள் டைரக்டர் மாட்டுங்காக்காரர். எதற்கும் பதறாதவர். என்னைப் பார்த்தார்.

"மாலதி, நீயே தமிழ்ல சொல்லிடேன்."

"சார், நான் பி.காம்."

"அதனாலதான் சொல்றேன். உனக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்."

செம்பூரில் இயற்பியல் விஞ்ஞானிகள் பத்து நாள் தங்கி யோசிப்பதற்கென்று இருந்த நிலையம் எங்களுடையது. ரிட்ரீட் என்பார்கள். நான் அங்கே புரோகிராம் ஆபீசர். ஏர்போர்ட் வண்டி, சாப்பாடு, துணி துவைப்பது, அறைக்கு அறை கரும்பலகை, சாக்பீஸ் எல்லாம் என் பொறுப்பு. சமன்பாட்டைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவர்கள் கவலைப்படக்கூடாது. ஒவ்வொரு முகாமிலும் ஒரே ஒரு மாலை மட்டும் பொதுமக்களிடம் பேச வேண்டும்.

அன்று பேச வந்தவர் டாக்டர் அனன்யா, கொல்கத்தாக்காரர். எட்டு மாதக் குழந்தையோடு முகாமுக்கு வந்திருந்தார். அவர் வேலை செய்யும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவை ஏற்பாடு செய்திருந்தேன். மணல், அரிசி, மாத்திரை மாதிரி குவியும் பொருள்கள் எப்படி நகர்கின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. முதல் வாக்கியத்தை அவரிடம் இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டேன். 'மணல் சரியாமல் நிற்கிற சாய்வு' என்று ஒரு வழியாகச் சொல்லி முடித்ததும் முன்வரிசையில் தலையாட்டினார்கள். பிறகு பயம் போய்விட்டது.

2. ஜன்னத்தின் கேள்வி

கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவர் ஜன்னத். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி, மணி மணியாக வெட்டி விற்கும் பட்டறை வைத்திருப்பவர். அந்த மணிகளுக்குத் தானா என்று பெயர்.

"மேடம், நான் சொல்லுததை அந்தம்மாகிட்ட அப்படியே சொல்லுங்க. என் தானாவுல பெருசும் சிறுசும் இருக்கும். நல்லா கலக்கித்தான் கோணியில போடுதேன். உல்லாஸ்நகர் போயி அவுத்தா பெருசெல்லாம் மேல கெடக்கு. சிறுசை அடியில ஒளிச்சு வச்சு ஏமாத்துதேன்னு சேட் சொல்லுதாரு. ரெண்டு தடவை மால் திரும்பி வந்துட்டு. இனி வாங்க மாட்டேங்காரு. சத்தியமா நான் ஒளிச்சு வைக்கல. அப்ப யாரு வச்சா?"

ஹாலே சிரித்தது. ஜன்னத் சிரிக்கவில்லை. பட்டறையில் ஏழு பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

நான் மொழிபெயர்த்ததும் அனன்யாவின் முகம் மாறியது. பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே இருந்த பேராசிரியர் தாமஸ், வந்த நாளிலிருந்து இதே விஷயத்துக்காகத்தான் அவரோடு கரும்பலகையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். குலுங்கும்போது சிறியவை இடுக்கு வழியாகக் கீழே இறங்கிவிடுகின்றன என்பது தாமஸின் கட்சி. உள்ளே ஒரு சுழற்சி உண்டாகிப் பெரியவற்றை மேலே தூக்குகிறது என்பது அனன்யாவின் கட்சி.

"இவங்க கோணியை நான் பார்க்கணும்" என்றார் தாமஸ். அனன்யா அதற்குள் மேடையை விட்டு இறங்கி ஜன்னத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

3. டெம்போ

மறுநாள் காலை டைரக்டர் அறையில் பஞ்சாயத்து. விஞ்ஞானிகள் இருவரும் கோணியோடு உல்லாஸ்நகர் போக வேண்டுமாம்.

"வெளியில விடாம வச்சுக்கறதுக்குப் பேர்தாம்மா ரிட்ரீட்" என்றார்.

"சார், அவங்க ராத்திரி சாப்பாட்டுக்கே வரல. கோணி கோணின்னு போர்டு பூரா எழுதிட்டு இருந்தாங்க" என்றேன்.

பேனாவை மூடி வைத்தார். "டிபன் கட்டிக் குடுத்தாச்சா?"

ஜன்னத்தின் டெம்போவில் இரண்டு கோணிகள் ஏறின. ஒன்று வழக்கம்போல, மேலே இடம் விட்டுக் கட்டியது. இன்னொன்றில் அசைய இடமில்லாதபடி வாய்வரை குத்திக் குத்தி அடைத்து இறுக்கமாகத் தைக்கச் சொன்னார் அனன்யா. டிரைவர் பக்கத்தில் நானும் ஜன்னத்தும். விஞ்ஞானிகள் இருவரும் கோணிகளோடு பின்னால்தான் உட்காருவோம் என்று பிடிவாதம் பிடித்தார்கள். வழி நெடுக அவர்கள் வாதாடுவது கேட்டது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் தாமஸ் "சபாஷ்!" என்று கத்தினார்.

"இவுகளுக்கு ரோடு நல்லாயிருந்தா கோவம் வரும் போல" என்றார் ஜன்னத். அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

4. சேட்டின் கை

உல்லாஸ்நகரில் சேட் முதல் கோணியை அவிழ்த்தார். மேலெல்லாம் பெரிய தானா. "தேக்கோ!" என்று வெற்றியோடு காட்டினார். இரண்டாவதைத் தாமஸ் பிரித்தார். பெரியதும் சிறியதும் அடைத்தபடியே கலந்திருந்தன. சேட் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தோள்வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினார். அங்கேயும் அப்படியேதான்.

அனன்யா ஒரு பிஸ்கட் டப்பாவில் பெரிய தானாவையும் சிறியதையும் கலந்து போட்டு சேட் கையிலேயே கொடுத்துக் குலுக்கச் சொன்னார். குலுக்கினார். பெரியவை மேலே வந்தன. கலைத்துவிட்டு மறுபடி குலுக்கினார். கடையில் வேலை செய்தவர்கள் எல்லாரும் ஒவ்வொரு முறை குலுக்கிப் பார்த்தார்கள்.

சேட் ஜன்னத்தின் பக்கம் திரும்பினார். "மாஃப் கரோ, பஹன்" என்று மன்னிப்புக் கேட்டார்.

ஜன்னத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே தச்சே அனுப்புதேன்" என்றார் தமிழிலேயே. சேட்டுக்கு அது புரிந்தது.

திரும்பும் வழியில் பின்னாலிருந்து சத்தமே இல்லை. சண்டையோ என்று எட்டிப் பார்த்தேன். இருவரும் ஒரே நோட்டில் மாறி மாறி எழுதிக்கொண்டிருந்தார்கள். "பாதி அவங்க சொன்னது, பாதி நான் சொன்னது" என்றார் தாமஸ், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி.

5. நான் மாற்றிய ஒரு வரி

அதுவரை பொதுமக்கள் கூட்டத்தைக் கடைசி நாளில்தான் வைப்போம். பேசுவார்கள், கைதட்டல் வாங்குவார்கள், மறுநாள் விமானம் ஏறிவிடுவார்கள். அந்த முறை ஹால் கிடைக்காததால்தான் மூன்றாம் நாளிலேயே வைத்தோம். அதற்குப் பிறகு நிகழ்ச்சி நிரலில் அந்த வரியை மாற்றிவிட்டேன்; நான் ஓய்வு பெறும்வரை எல்லா முகாமிலும் மூன்றாம் நாள்தான். ஊர்க்காரர் கேட்கும் கேள்வியோடு விஞ்ஞானிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்க வேண்டும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விஞ்ஞானிகளுக்கு அமைதி ஏற்படுத்திக் கொடுங்கள். அது நம் கடமை. கூடவே நல்லதாக ஒரு தொந்தரவும் ஏற்பாடு செய்யுங்கள்.