உலகம்மைக்குக் குறைத்த வயது

உலகம்மை என் தங்கை. எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அவளையாவது டீச்சராக்கிவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதியவர் அவர். ஏழு வயதுப் பிள்ளையைச் சேர்க்கும்போது ஐந்து என்று சொன்னார். அப்போது எல்லோரும் செய்ததுதான். சர்க்கார் வேலை கிடைத்தால் பென்ஷனுக்கு முன் இரண்டு வருஷம் கூடுதலாகச் சம்பளம் வருமே.

பள்ளி முடித்துப் பெண்கள் காலேஜில் இண்டர்மீடியட், பிறகு ஆசிரியப் பயிற்சி என்று அப்பாவும் அவளும் உட்கார்ந்து பேசிப் பேசித் தீர்மானித்தார்கள்.

"ஏட்டி, காலேஜ் படிச்சிட்டா கைப்பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போற?" என்று நான் கேலி செய்தேன்.

"எனக்கு ஒண்ணாங் கிளாசுதான்க்கா வேணும். அதுகதான் சொன்னதைக் கேக்கும். ஒன்ன மாதிரி இல்ல" என்றாள்.

இண்டர்மீடியட் ஜெயித்தாள். ஐம்பத்து மூன்றாம் வருஷம் பயிற்சிக்கு மனுக் கொடுக்கப் போனார்கள். பதினெட்டு நிறைந்திருக்க வேண்டுமாம். இவளுக்கு உண்மையில் பத்தொன்பது; சர்டிபிகேட்டில் பதினேழு.

"குட்டிக்கு வயசு போரா. அடுத்த வருஷம் வரூ" என்றார் அங்கிருந்த மலையாளிக் குமாஸ்தா. வயது போதாதாம்.

அப்பா ஓடிவந்து ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போனார். "இவிடெ கல்யாணம் ஒந்நும் நடத்துந்நில்ல" என்று குமாஸ்தா சிரித்தாராம். ஜாதகம் அங்கே செல்லாது.

சர்க்காருக்கு அவள் சிறிசு. அம்மாவுக்கோ முற்றிப்போன பெண். "பத்தொம்பது முடிஞ்சாச்சு. இனியும் வீட்டுல இருத்தினா நாலு பேரு என்ன சொல்லுவா?" என்று அழுதே சாதித்தாள். போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்காக இருந்த தாணுலிங்கத்துக்குக் கட்டிக்கொடுத்தோம். அடுத்த வருஷம் படிக்க அனுப்புவதாக அவர்கள் வீட்டில் சம்மதித்தார்கள்.

அந்த அடுத்த வருஷமும் வந்தது. அப்பா அவளை அழைத்துவர மலையேறினார். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். மாமியார் காப்பி கொடுத்து, "மொதல்ல பிள்ளையப் பெத்துப் பொழைக்கட்டும். படிப்பு எங்க ஓடிப்போகுது?" என்றாளாம்.

அப்பா மகள் முகத்தைப் பார்த்தார். அவள் வாசல்வரை வந்து, "எறங்குங்கப்பா, மழை வருது" என்றாளாம்.

மூன்று பிள்ளை பெற்றாள். விதி என்பார்கள். நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். படித்த பிள்ளை அவள். ஒரே ஒரு வருஷம் அவளை விட்டுவைத்திருக்கலாம். அன்று மலையிறங்கிய பிறகு அப்பா சாகும்வரை அவளிடம் படிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. அவளும் கேட்கவில்லை.